உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு ஏற்ற மீன்: இரண்டடித் தொட்டி அமைக்க முழுமையான வழிகாட்டி

மீன் தொட்டி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எந்த மீன் நல்லா இருக்கும்?" என்றுதான். கடைக்காரர் அழகழகாக நான்கைந்து வகை காட்டுவார். தொட்டி, மோட்டார், கலர் கல், பிளாஸ்டிக் செடி, மீன் என்று எல்லாமே ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் பாதி மீன் செத்து மிதக்கும். "நமக்கு மீன் ராசி இல்லை" என்று சொல்லித் தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுவார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். அப்புறம் தொட்டி, அப்புறம் ஏறக்குறைய ஒரு மாதக் காத்திருப்பு. மீன் கடைசியில்தான். சென்னையில் ஒரு சாதாரண ஃபிளாட்டில் இரண்டடித் தொட்டி வைப்பதாக எடுத்துக்கொண்டு இந்த வரிசையிலேயே போவோம். கோவையிலோ ஊட்டியிலோ இருப்பவர்களுக்கு மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்

வாளியின் உட்புறமும் குளியலறைக் குழாயும் வெள்ளையாக உப்புப் பூத்துப் போயிருந்தால் உங்களுடையது கடின நீர். சென்னையில் போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் பெரும்பாலும் இந்தக் கதைதான். இன்னும் கொஞ்சம் துல்லியம் வேண்டுமென்றால், ஆர்ஓ சர்வீஸுக்கு வருபவர் சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பாரே, அதில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. அது நேரடியாகக் கடினத்தன்மையைக் காட்டாது, நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். ஆனால் மீன் தேர்வுக்கு அந்தக் குறிப்பே போதும். 500க்கு மேல் வந்தால் கடின நீர் மீன்கள் பக்கம் போங்கள். 200க்குக் கீழே என்றால் மென்நீர் மீன்களை யோசிக்கலாம். இடைப்பட்டது என்றால் உங்களுக்குத் தேர்வு செய்ய நிறைய வகை இருக்கிறது. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவை.

போர் தண்ணீரை அப்படியே பிடித்துத் தொட்டியில் ஊற்றக் கூடாது. நிலத்தடியிலிருந்து நேரே வருவதால் அதில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். ஒரு இரவு வாளியில் காற்றுக்குமிழி விட்டு வைத்தால் சரியாகிவிடும். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். 24 மணி நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலும் ஆவியாகிவிடும். அவசரத்துக்குக் கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டு வாங்கலாம், அதில் இருப்பது பொதுவாகச் சோடியம் தயோசல்ஃபேட்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாளிலும் மறுநாளிலும் தொட்டியில் தண்ணீர் மாற்றவே மாற்றாதீர்கள். நோட்டீஸ் போர்டைப் பார்க்கும் பழக்கம் மீன் வளர்ப்பவருக்கு நல்லது.

"அப்படியானால் ஆர்ஓ தண்ணீரையே ஊற்றிவிடலாமே?" என்று நிறையப் பேர் கேட்பார்கள். தனி ஆர்ஓ தண்ணீரில் தாது உப்புகள் அநேகமாக இருக்காது. உப்பு கரைந்திருந்தால்தான் நீரின் அமிலகார அளவு, அதாவது பிஎச், தடாலென்று விழாமல் நிற்கும். வேண்டுமானால் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே விகிதத்தில் கலக்க வேண்டியிருக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள், நம்மில் பெரும்பாலோர், குழாயில் வருகிற தண்ணீரை ஏற்றுக்கொண்டு அதற்கேற்ற மீனை எடுப்பதே உத்தமம்.

தொட்டி

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். இதைவிடச் சின்னது வேண்டாம். விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு, கல்லும் போட்ட பிறகு நிஜமாக நிற்பது 45 லிட்டர் அளவில் இருக்கும். சின்னத் தொட்டிதான் புதியவருக்குச் சுலபம் என்று தோன்றும், ஆனால் நிலைமை நேர்மாறு. பத்து லிட்டரில் ஒரு மீன் செத்து நீங்கள் கவனிக்காமல் விட்டால் சாயங்காலத்துக்குள் மொத்தத் தண்ணீரும் கெட்டுவிடும். 45 லிட்டர் உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுக்கும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கண்ணாடி 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மூலைகளில் சிலிக்கான் பசை இடைவெளி இல்லாமல் ஒரே சீராக ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நிரப்பிய தொட்டி கல்லோடு சேர்த்து 60, 65 கிலோ தேறும். டிவி வைக்கும் பார்ட்டிகிள் போர்டு அலமாரி இந்தக் கனத்தைத் தாங்கினாலும், ஒருமுறை தண்ணீர் சிந்தினால் உப்பிப்போய்விடும். இரும்பு ஸ்டாண்டோ கடப்பைக் கல் மேடையோ நல்லது. ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். ஸ்டாண்டுக்கும் தொட்டிக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மக்கோல் ஷீட் ஒன்று போட வேண்டும். மேடையில் ஒரு சின்ன மணல் துகள் இருந்தாலும் கண்ணாடி அந்த இடத்தில் விரிசல் விடலாம்.

மேற்கு வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம், பாசி பிடித்துத் தொட்டியே பச்சையாகும். ஏசி நேரே ஊதும் இடமும் சமையலறைச் சுவரும் வேண்டாம். பிளக் பாயின்ட் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பது நல்லது. கீழேதான் இருக்கிறது என்றால், ஒயர் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், ஸ்விட்ச் போர்டுக்குள் போகாது.

வாங்க வேண்டியவை

இந்த அளவுத் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் அதை ஓட்ட ஏர் பம்ப்பும் போதும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. ஆனால் மலிவு, குட்டி மீனை உறிஞ்சாது, கழுவுவது சுலபம், நல்ல பாக்டீரியா குடியிருக்க ஏகப்பட்ட இடம் கொடுக்கும். கடையில் மேலே மாட்டும் பவர் ஃபில்டரைத்தான் முதலில் காட்டுவார்கள். அது தவறில்லை, ஆனால் கப்பியின் வாலைப் பாடாய்ப் படுத்தும் வேகத்தில் தண்ணீரைத் தள்ளும். இரண்டு துவாரம் உள்ள ஏர் பம்ப் வாங்கினால் ஒன்றில் ஃபில்டர், இன்னொன்றில் காற்றுக்கல் மாட்டலாம்.

காற்றுக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, ஒன்று கட்டாயம் போடுங்கள். கரன்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி ஏறி, தொட்டிக்குக் கீழே இருக்கும் பம்ப்பை நனைத்து, தரை முழுக்க ஓடும். சில ரூபாய் வால்வு அதைத் தடுக்கும்.

தரைக்கு ஆற்றுச் சரளை, மூன்று நான்கு மில்லிமீட்டர் பருமன், பத்துப் பதினோரு கிலோ. கலர் கல் எனக்குப் பிடிக்காது, அது என் ரசனை. ஆனால் மார்பிள் சில்லு, சிப்பி, பவளத் துண்டு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்பு கரைந்து ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். சந்தேகமான கல்லில் எலுமிச்சைச் சாறு சொட்டிப் பாருங்கள், நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள்.

எல்இடி விளக்கு, டைமர், தெர்மாமீட்டர், வலை, தண்ணீர் உறிஞ்சும் சைஃபன் குழாய், மீனுக்கென்றே தனி வாளி. வாளியில் ஒருமுறைகூட சோப்புப் படக் கூடாது. கடைசியாகச் சோதனைத் திரவம். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கையும் பார்க்கும் முழுப் பெட்டி சில சமயம் தொட்டியைவிட விலை அதிகம். முடியாவிட்டால் முதல் இரண்டு மட்டுமாவது தனியாக வாங்குங்கள். வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

ஹீட்டர் சென்னைக்குத் தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானலில் கட்டாயம், 50 வாட் எடுத்துக்கொண்டு 25 டிகிரியில் வையுங்கள்.

நிரப்புதல்

முதலில் வெறும் தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஒருநாள் முழுக்கக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பால்கனியில் வைத்துச் செய்தால் வீடு தப்பிக்கும். சரளையைக் கழுவுவது அலுப்பான வேலை. அரிசி களைவதுபோலக் கழுவிக் கழுவி ஊற்ற வேண்டும், கலங்கல் நிற்கும்வரை. தொட்டியில் ஒன்றரை அங்குலம் பரப்பி, பின்பக்கம் சற்று உயரமாக இருக்கட்டும். சரளைமேல் ஒரு தட்டு வைத்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் அடியிலிருந்து கிளறாது.

செடி வைப்பீர்களா? நிஜச் செடியே வையுங்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் கடின நீரையும் மங்கலான வெளிச்சத்தையும் தாங்கும். இவற்றின் தண்டைச் சரளைக்குள் புதைத்தால் அழுகும், கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட வேண்டும். வாலிஸ்னேரியா போர் தண்ணீரில் சந்தோஷமாகப் பரவும். இன்னொரு சுலப வழி, மணி பிளான்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி தொட்டி விளிம்பில் செருகிவிடுவது. நைட்ரேட்டை அது தின்று தீர்க்கும். விளக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம், அதற்கு மேல் போனால் செடியைவிடப் பாசிதான் வளரும்.

மீன் இல்லாத ஒரு மாதம்

பெரும்பாலானோர் தாண்டிக் குதிக்கும் கட்டம் இது. மீன் சாவதும் இதைத் தாண்டிக் குதிப்பதால்தான்.

மீனின் கழிவிலிருந்தும் செவுள் வழியாகவும் அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். அது மீனுக்கே விஷம். ஆற்றிலும் ஏரியிலும் பாக்டீரியாக்கள் அதைக் கவனித்துக்கொள்கின்றன. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும், இது ஓரளவுவரை தொல்லை இல்லை. புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் இருக்காது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் அவை குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், நம் வெப்பத்தில் சில சமயம் கொஞ்சம் சீக்கிரம்.

கடின நீர்க்காரர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அம்மோனியா எவ்வளவு கொல்லும் என்பது பிஎச்சைப் பொறுத்தது. 25 டிகிரியில் பிஎச் 7 இருக்கும் நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் அரைப் பங்கு சொச்சம்தான் விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது நூற்றில் ஐந்தாகும், ஒன்பது பத்து மடங்கு. வெப்பம் ஏறினால் இன்னும் ஏறும். சென்னைப் போர் தண்ணீரில் புதுத் தொட்டி மீன்கள் அவ்வளவு வேகமாகச் சாவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஃபில்டரை இரவு பகல் ஓட விடுங்கள். மீன் தீவனத்தைத் தினம் ஒரு சிட்டிகை வெறும் தொட்டியில் போடுங்கள், அல்லது ஒரு சின்ன இறாலைத் துணியில் கட்டித் தொங்க விடுங்கள். இறால் நாறும், ஆனால் வேகமாக வேலை செய்யும். அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். ஒன்றிரண்டு வாரத்தில் அது இறங்க, நைட்ரைட் ஏறும். நைட்ரைட் பிடிவாதமாகப் பல நாள் நிற்கும், அதைப் பார்த்துப் பொறுமை இழக்க வேண்டாம். கடைசியில் தீவனம் போட்ட மறுநாளும் இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி தயார். முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கக் கிளம்பலாம்.

நடுவில் தண்ணீர் பால் மாதிரி கலங்கும், கல்மேல் பழுப்புப் படிவு வரும். இரண்டும் தானாகப் போகும். பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினால் திரும்பவும் முதல் நாளுக்கே வந்து நிற்பீர்கள்.

இதைச் சுருக்க ஒரு நேர்மையான குறுக்கு வழி உண்டு. ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, காயாமல் ஈரத்தோடு கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். பாதி நாள் மிச்சமாகும். நோய் இல்லாத தொட்டியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும்போதே தொட்டியில் மீன் இருக்கிறது என்றால்? தினமும் சோதித்து, அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். கஷ்டம்தான், ஆனால் காப்பாற்றிவிடலாம்.

எந்த மீன் எந்த மீனோடு

சேர்க்கை என்றால் சண்டை போடுமா போடாதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால், இரண்டு மீனுக்கும் ஒரே தண்ணீரும் ஒரே வெப்பமும் ஒத்துவர வேண்டும். அப்புறம் ஒன்றின் வாயில் இன்னொன்று நுழையக் கூடாது. ஒன்று துறுதுறுவென்று ஓட, இன்னொன்று நீண்ட துடுப்போடு நிதானமாக மிதப்பதாக இருக்கக் கூடாது. கூட்டமாக வாழும் மீனை இரண்டு மட்டும் வாங்கக் கூடாது, ஆறாவது வேண்டும். வளர்ந்த பிறகு எவ்வளவு பெரிதாகும் என்பதையும் கேட்க வேண்டும். கடையில் இருப்பவை பெரும்பாலும் குட்டிகள்.

கடின நீருக்கு முதல் தேர்வு குட்டி போடும் மீன்கள்: கப்பி, பிளாட்டி, மொல்லி, ஸ்வார்ட் டெயில். கப்பி டிரினிடாடும் அதையொட்டிய தென் அமெரிக்கப் பகுதிகளும் பூர்வீகம், மற்றவை மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம். உப்புப் பூத்த குழாய்த் தண்ணீர் இவற்றுக்குப் பிடித்தமானது. உப்புக் கரிக்கும் தண்ணீர் வரும் கடலோரப் பகுதிகளில் மொல்லி இன்னும் தெம்பாக இருக்கும். ஆனால் மொல்லி பெரிதாகும், இரண்டடியில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஸ்வார்ட் டெயில் நான்கு அங்குலம் தாண்டும், நிறைய ஓடும், அதற்கு மூன்றடித் தொட்டியே சரி.

கப்பியில் ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்கினால் நான்கு வாரத்துக்கொருமுறை குட்டிகள். பெண் மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது. கடையிலேயே சினையாகியிருக்கும், ஒருமுறை பெற்ற விந்துவைப் பல மாதம் உடலில் சேமித்து வைத்து மறுபடி மறுபடி குட்டி போடும். ஆறு ஆண் கப்பி மட்டும் வாங்குவது என் சிபாரிசு. நிறமெல்லாம் ஆணிடம்தான் இருக்கிறது. ஜோடிதான் வேண்டுமென்றால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண், இல்லாவிட்டால் துரத்தித் துரத்தியே பெண்ணை ஓய்த்துவிடும்.

எல்லாத் தண்ணீரிலும் பிழைக்கும் மீன் ஜீப்ரா டேனியோ. நம் துணைக்கண்டத்து மீன், கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களில் சின்ன ஓடைகளிலும் வயல் ஓரங்களிலும் வாழ்வது. குளிரையும் வெயிலையும் தாங்கும். மேல்மட்டத்தில் ஓயாமல் ஓடும், எட்டு இருந்தால் பார்க்க அழகு. ஆனால் குதிக்கும், மூடி வேண்டும். செர்ரி பார்ப் இன்னொரு நல்ல மீன். இலங்கையின் தென்மேற்கு ஈரவலய நிழலோடைகள் அதன் சொந்த ஊர், இப்போது கடைக்கு வருவது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தவை. பார்ப் குடும்பத்தில் இவ்வளவு சாதுவானது குறைவு. இரண்டு அங்குலத்துக்குள் நிற்கும், நடுத்தரக் கடினம்வரை பொறுத்துக்கொள்ளும்.

நியான் டெட்ராவை எல்லோருக்கும் பிடிக்கும். அமேசான் பக்கத்துத் தேநீர் நிறத் தண்ணீரில், உப்பே இல்லாத மென்நீரில் வாழ்வது. 26 டிகிரிக்கு மேல் அதற்குக் கஷ்டம். சென்னையில் மே மாதம் வீட்டுத் தொட்டி சாதாரணமாக 31, 32 காட்டும். மென்நீர் வரும் கோவை வீட்டில் அறை குளிர்ச்சியாக இருந்தால் வையுங்கள், சென்னையில் ஏசி ஓடாத அறையில் வேண்டாம். கோரிடோராஸ் என்னும் அடிமட்டக் கெளுத்தியில் பல வகைக்கும் இதே வெப்பப் பிரச்சினை உண்டு. ஸ்டெர்பாய் வகை மட்டும் கொஞ்சம் சூடு தாங்கும். எந்த வகையானாலும் மீசை தேயாமல் இருக்கச் சரளைக்குப் பதில் மணல் தரை வேண்டும்.

ஃபைட்டரை தனியாக வைப்பதே மேல். இரண்டு ஆண் சேர்ந்தால் கிழித்துக்கொள்ளும் என்பது தெரிந்ததே. கப்பியின் பெரிய வாலைப் பார்த்தும் அதை இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துத் தாக்கும். ஒரே ஒரு ஃபைட்டருக்கு இரண்டடித் தொட்டி முழுவதையும் செடியோடு கொடுத்துப் பாருங்கள், கடை பாட்டிலில் பார்த்த மீனா இது என்று கேட்பீர்கள்.

டைகர் பார்ப் வால் கடிக்கும், கப்பியோடு ஆகாது. ஏஞ்சல் குட்டியில் சாது, வளர்ந்தால் கையகலம், வாயில் நுழையும் எதையும் விழுங்கும், உயரமான தொட்டி கேட்கும். கோல்ட்ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன், கழிவு அதிகம், பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. அதைக் கப்பியோடு இரண்டடியில் விடுவது இரண்டுக்கும் தண்டனை. ஃப்ளவர்ஹார்ன், அரோவானா எல்லாம் வாஸ்து மீன் என்ற பெயரில் நன்றாக விற்கும். வாஸ்து பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை, இரண்டடித் தொட்டியில் அவற்றுக்குத் திரும்ப இடமில்லை.

"ஷார்க்" என்று சொல்லி வெள்ளிநிறக் குட்டி ஒன்றைத் தருவார்கள். அது மீகாங் ஆற்றுக் கெளுத்தி, ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ஹோட்டலில் பாசா என்று துண்டு போட்டு வருகிறதே, பல இடங்களில் அந்தத் தட்டில் இருப்பது இதுதான். மிஸ் கேரளா என்ற சிவப்புக் கோட்டு மீன் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைச் சேர்ந்தது, அழிவின் விளிம்புப் பட்டியலில் இருப்பது. குளிர்ந்த, ஓடும் தண்ணீரும் நாலடித் தொட்டியும் வேண்டும். ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி சக்கர் மீனைத் தலையில் கட்டுவார்கள். கழிவைத் தின்னாது, கழிவைக் கூட்டும், ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் ஆட்கள் ஏரியில் விட்டதால் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி உள்ளூர் மீனுக்கும் வலைக்கும் தொல்லையாகிவிட்டது. எந்தத் தொட்டி மீனையும், கப்பிக் குட்டியைக்கூட, ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், தெரிந்தவருக்குக் கொடுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். கடின நீர் உள்ள 45 லிட்டருக்கு: ஆறு ஆண் கப்பி, நான்கு பிளாட்டி, இரண்டு நத்தை. இல்லையென்றால் எட்டு ஜீப்ரா டேனியோவும் நான்கு பிளாட்டியும். நடுத்தர நீருக்கு: எட்டு செர்ரி பார்ப், ஒரு ஜோடி ஹனி கௌராமி (தேன் நிறச் சின்ன மீன்). மென்நீரும் குளிர்ச்சியும் உள்ள வீட்டுக்கு: பத்து நியான், மணல் தரை போட்டு ஆறு சின்ன வகைக் கோரிடோராஸ். இதற்கு மேல் ஒன்றே ஒன்று என்று ஆசைப்படும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கும்.

கடையில்

சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது. தெருத் தெருவாக வண்ண மீன் கடைகள், பண்ணையிலிருந்து நேரே வரும் மீன்கள். உள்ளூர்ப் பண்ணையில் பிறந்த கப்பி நம் தண்ணீருக்கு ஏற்கெனவே பழகியிருக்கும், தூரத்திலிருந்து விமானத்தில் வந்ததைவிடத் தாங்கும். வாங்கும்முன் அந்தத் தொட்டி முழுவதையும் பாருங்கள். ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியில் வாங்காதீர்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருப்பது, வயிறு ஒட்டியிருப்பது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள், எல்லாமே நோய் அறிகுறி. கடைக்காரரிடம் கொஞ்சம் தீவனம் போடச் சொல்லுங்கள், பாய்ந்து வந்து தின்னும் மீனைப் பிடிக்கச் சொல்லுங்கள். பளீர் ஊதா, பச்சை நிறத்தில் ஒளி ஊடுருவும் மீன் இருந்தால் சாயம் ஏற்றியதா என்று கேளுங்கள். சாயம் சில மாதத்தில் மங்கும், மீனும் பெரும்பாலும் பலவீனமாகவே இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, பையை மூடியபடியே 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். அப்புறம் பையைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர் சேருங்கள், அரைமணி நேரம். மீனை வலையில் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். எல்லா மீனையும் ஒரே நாளில் வாங்காமல் முதலில் பாதி, இரண்டு வாரம் கழித்து மீதி. மீன் விட்ட அன்றைக்குத் தீவனம் வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு வாளி

வாரம் ஒருமுறை சைஃபனால் சரளையின் அழுக்கோடு சேர்த்து 10, 12 லிட்டர் எடுத்துவிட்டு, முதல்நாளே பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றினால் போதும். எடுத்த தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுங்கள், ரோஜாவுக்கு அவ்வளவு பிடிக்கும். ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, அதே அழுக்குத் தொட்டித் தண்ணீரில் பிழியுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரினில் பாக்டீரியா செத்து, மறுபடி அம்மோனியா ஏறும். "நேத்துதான் நல்லா கிளீன் பண்ணேன், இன்னிக்கு எல்லாம் செத்துப்போச்சு" என்று சொல்பவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

தீவனம் ஒரு நாளைக்கு ஒருமுறையோ இருமுறையோ, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் ஒருநாள் பட்டினி நல்லது. வீட்டில் குழந்தைகளும் தாத்தா பாட்டியும் இருந்தால் தீவன டப்பாவை ஒளித்து வைக்க வேண்டியிருக்கும், எல்லோரும் ஆளுக்கொரு முறை போடுவார்கள்.

கொசு மருந்து பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. கரப்பான் ஸ்பிரே, கொசு விரட்டி லிக்விட் ஆகியவற்றில் இருக்கும் பைரெத்ராய்டு வகை ரசாயனங்கள் மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புகிறது. தொட்டி இருக்கும் அறையில் இவற்றைப் பயன்படுத்தாதீர்கள். ஸ்பிரே அடித்தே ஆக வேண்டுமென்றால் பம்ப்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்றோட்டம் வந்த பிறகு சீக்கிரமே திறந்துவிடுங்கள்.

வெயிலும் கரன்ட் கட்டும்

தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும், 32 டிகிரியில் 7.3தான். மீனுக்கோ வெப்பத்தில் மூச்சு அதிகம் தேவைப்படும். கோடையில் மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீர்மேல் காற்று படும்படி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். அதனால் குறைந்த அளவை ஈடுகட்ட மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் கட்டி போட வேண்டாம், தடாலென்ற மாற்றம் சூட்டைவிடக் கெடுதல்.

மழைக்காலத்தில் நான்கைந்து மணி நேரம் கரன்ட் போகலாம். யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்றும் பவர் பேங்கும் இருந்தால் இரவு முழுக்க ஓடும். எதுவுமே இல்லாவிட்டால் டம்ளரால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். தீவனத்தை நிறுத்துங்கள்.

வெள்ளைப் புள்ளி வந்துவிட்டால்

புதியவர்கள் கட்டாயம் ஒருமுறை சந்திக்கும் நோய் இது. ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்போது மருந்து படாது, மீனைவிட்டு வெளியே வந்து நீந்தும் கட்டத்தில்தான் கொல்ல முடியும். அயோடின் சேர்க்காத கல் உப்பு லிட்டருக்கு 2 கிராம், 45 லிட்டருக்கு 90 கிராம். மூன்றாகப் பிரித்து, தனியே கரைத்து, ஒன்றரை நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். காற்றைக் கூட்டுங்கள். கப்பி, பிளாட்டி, மொல்லி மூன்றும் இந்த உப்பைச் சுலபமாகத் தாங்கும், கோரிடோராஸும் சில செடிகளும் தாங்காது. புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் உப்பு இருக்கட்டும், அப்புறம் வாரத் தண்ணீர் மாற்றத்திலேயே அது குறைந்துவிடும்.

பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போகிறீர்கள் என்றால், வளர்ந்த மீன் ஐந்தாறு நாள் தீவனமில்லாமல் நன்றாகவே இருக்கும். கிளம்பும் முந்தின நாள் தண்ணீர் மாற்றி, விளக்கு டைமரைச் சரிபார்த்தால் போதும். பக்கத்து வீட்டுச் சாவியோடு தீவன டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போனால் அன்பில் கொட்டிவிடுவார்கள். பத்து நாளுக்கு மேல் என்றால் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று சின்னச் சின்னக் காகிதத்தில் மடித்து, தேதி எழுதி, இரண்டு நாளுக்கு ஒரு பொட்டலம் வீதம் கொடுங்கள். மீதித் தீவனத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.